ஏழாம் நம்பர் தரையில் நான் நடக்கவில்லை

போன வாரம் சதீஷ் ஒரு பக்கத்தைப் போட்டோ பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அமீரகத்தில் உம்முல் குவைன் தாண்டி நாங்கள் வேலை பார்த்த பறக்கும் கிளப்பில் இப்போது தரைப்பணிக்கு அவன்தான் பொறுப்பு. பயிற்சிப் புத்தகத்தைப் புதிதாகப் போடுகிறார்களாம். "அண்ணே, நம்ம ஆளுகளுக்குத் தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. இஞ்சின் நின்னு போய் கைரோ எறங்குறதப் பத்தி, டிரைனிங் ஏன் முக்கியம்னு. உங்கள விட்டா பழைய ஆளு யாரு இருக்கா" என்று குரல் பதிவும் போட்டிருந்தான்.

பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. ஷார்ஜா ரோலாவில் மகள் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள். எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். கடைசிக்கு முந்தின வரியில் நிறுத்தி, "அப்பா, இது உங்க கிளப்புல நடந்ததா?" என்று கேட்டாள். அந்த வரி இப்படி இருந்தது: இறங்கும் தரையை ஆள் நடந்து சோதிப்பதை நம்ப முடியாது, அப்படிச் சோதித்த தரையிலேயே ஒரு விபத்து நேர்ந்திருக்கிறது, ஆகையால் அந்த வழக்கம் நிறுத்தப்படுகிறது.

அந்த விபத்தில் தரையைச் சோதித்த ஆள் நான். நடந்தேன் என்று சொன்னேன். நடக்கவில்லை. அந்த வரி என்னால் வந்த வரி, அது தப்பு. அதை நம்பி இனி ஒருத்தரும் நடக்காமல் விட்டால் அடுத்த வண்டி எங்கே புதையும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். டிரைனிங்கைப் பற்றி எழுதச் சொன்னாய் சதீஷ், இதுதான் எனக்குத் தெரிந்த டிரைனிங்.

நான் எட்டாவது வரை படித்தவன். சிவகங்கைப் பக்கம். கட்டிட வேலைக்கு விசா எடுத்து வந்தேன். அந்த வேலை முடிந்து கேம்ப்பில் சும்மா கிடந்தபோது, கிளப்பில் விமானக் கொட்டகை கூட்ட ஆள் வேண்டுமென்று எனக்கு விசா கொடுத்த கஃபீல் அனுப்பிவைத்தார். மூன்று மாதத்துக்கு என்றார்கள். பதினெட்டு வருஷம் இருந்தேன். கூட்டுவதில் தொடங்கி, வண்டி துடைப்பது, பெட்ரோல் ஊற்றுவது, பயணிக்கு பெல்ட் மாட்டுவது என்று ஒவ்வொன்றாகப் பழகினேன்.

கைரோபிளேனைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் பைலட், பின்னால் ஒரு பயணி, கதவு கிடையாது. தூரத்தில் பார்த்தால் சின்ன ஹெலிகாப்டர் மாதிரி இருக்கும். ஆனால் ஹெலிகாப்டரில் மேலே சுற்றும் இறக்கையை இஞ்சின் சுற்றுகிறது. கைரோவில் இஞ்சின் பின்னால் இருக்கிற விசிறியை மட்டும்தான் சுற்றும், வண்டியை முன்னால் தள்ளும். மேல் இறக்கை எதிர்க்காற்றில் தானாகச் சுற்றுகிறது. திருவிழாவில் வாங்கிய காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்களே, அது மாதிரி. அதனால் இஞ்சின் நின்றாலும் மேல் இறக்கை நிற்காது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வண்டி விழாது, இறங்கும். ஆனால் ரொம்ப தூரம் மிதந்து போகாது. நின்ற இடத்துக்குக் கிட்டத்தட்டக் கீழேயே இறங்கிவிடும். அதனால் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் உயிர்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் யோகன் சார். யோகநாதன் முழுப்பெயர். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயதிலேயே கனடா போய் அங்கே பறக்கப் படித்தவர். எங்கள் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். சத்தம் போட்டு ஒரு நாள் பார்த்ததில்லை. சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெறும் தேநீர் குடிப்பார். முக்கியமான விஷயம் சொல்வதற்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

அவரிடம் 'ஓகே' என்ற வார்த்தை செல்லாது. முதல் மாதத்தில் ஒரு நாள், டயரில் காற்று பார்த்தாயா என்று கேட்டார். "ஓகே சார்" என்றேன்.

"ஓகே எண்டா எனக்கு விளங்காது கருப்பையா. என்ன செய்தனீர் எண்டு சொல்லும்."

"கேஜ் வச்சுப் பார்த்தேன் சார். மூணு டயரும்."

"ஆ. இப்ப விளங்குது. நீர் செய்ததைச் சொல்லும். அது ஓகேயோ இல்லையோ எண்டு நான் சொல்லுறன்."

கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் ஒரு துடைப்பக் கட்டை. கட்டைதான் கைரோவின் பிடி. படிக்க வருகிறவர்கள் பறப்பதற்கு முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு அதில் உட்கார வேண்டும். சார் பின்னால் நின்று கையைத் தட்டுவார். தட்டினால் இஞ்சின் நின்றது என்று அர்த்தம். அந்தக் கணமே மூக்கு, காற்று, தரை என்று வரிசையாகச் சொல்லிக் கையையும் அசைத்துக் காட்ட வேண்டும். முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடி. பிறகு காற்று எங்கிருந்து வருகிறது பார், அதற்கு முகம் கொடு. பிறகு தரையைத் தேர்ந்தெடு, தேர்ந்தெடுத்ததை மாற்றாதே. கடைசியில் தரை நெருங்கும்போது பிடியை வயிற்றோடு இழு, வண்டி நின்று உட்காரும். உட்கார்ந்த பிறகும் இறக்கை நிற்கும்வரை பிடியை விடாதே. வயதில் பெரிய கம்பெனி முதலாளியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எங்களையும் உட்காரவைத்தார். பறக்கப் போகாத எனக்கு எதற்கு என்று கேட்டேன். "வானத்தில இருக்கிறவன் என்ன நினைக்கிறான் எண்டு தரையில நிக்கிறவனுக்குத் தெரிய வேணும்" என்றார்.

ஒரு முறை என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். கடல் பச்சையாக, உப்புத் தண்ணீரில் வேர் ஊன்றி நிற்கிற கண்டல் காடு, அதற்கு இந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புத் தரை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது இஞ்சின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டார். முருகா என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் அவர் குரல், சாப்பாட்டு மேசையில் கேட்கிற மாதிரி: "முருகன் வாறார், பொறும். அதுக்குள்ள எங்க இறங்கலாம் எண்டு சொல்லும் பாப்பம்."

"அந்தா சார், வெள்ளையா, மட்டமா இருக்கே."

"அது சப்கா. இறங்கினா நானும் நீரும் அங்கயேதான். வேற?"

சப்கா என்றால் உப்புச் சேறு. மேலே வெயிலில் காய்ந்து ஓடு கட்டியிருக்கும், சிமெண்ட் தளம் மாதிரி தெரியும். அடியில் களி. ஓடு எவ்வளவு கனம் என்று மேலிருந்து ஒருத்தரும் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று பார்த்தாலும் சொல்ல முடியாது. மழை பெய்தால் இன்னும் மோசம். இரண்டே நாளில் மேல்பகுதி முன்பைவிட வெள்ளையாகக் காய்ந்து அழகாகிவிடும், உள்ளே கஞ்சியாக இருக்கும்.

இதற்காகத்தான் சார் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார். பயணிகளைக் கூட்டிப் போகிற பாதையில் ஏழு இடங்களைத் தேர்ந்தெடுத்து நம்பர் போட்டார். எங்கே இஞ்சின் நின்றாலும் அந்த ஏழில் ஒன்று எட்டும். ஏழையும் வாரம் ஒரு தடவை, வியாழக்கிழமை சாயங்காலம், ஆள் நடந்து பார்க்க வேண்டும். தோளில் ஒரு மணல் மூட்டை, கையில் சிவப்புப் பெயிண்ட் அடையாளம் போட்ட ஒரு கம்பி. பத்து எட்டுக்கு ஒரு தரம் குதிகாலால் மூன்று மிதி, கம்பியால் ஒரு குத்து. கம்பி சிவப்பு வரை இறங்கினால் அந்தத் தரை அந்த வாரம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை, முதல் வண்டி கிளம்பும் முன்னால், சார் நம்பர் நம்பராகக் கேட்பார். நடந்தவன் நடந்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். தாளில் டிக் போட்டால் போதாது.

"ஒண்டு?"

"நடந்தேன் சார்."

"ரெண்டு?"

இப்படி ஏழு வரை. புதிதாக வந்த பைலட்டுகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் டிரைவர் அக்பர் பாய், பெஷாவர்காரர், "இது உங்கள் சாமிக்கு மந்திரமா கருப்பையா பாய்?" என்று இந்தியில் கேட்டுக் கேலி செய்வார்.

நான் வெள்ளிதோறும் குளித்து, வண்டியின் மூக்கில் கொஞ்சம் விபூதி தொட்டு வைப்பேன். சார் கோயில் குளம் என்று அலைகிற ஆள் இல்லை. ஆனாலும் தடுக்கமாட்டார். ஒரு தரம் சொன்னார்: "பூசும், பூசும். பூசினாலும் நடவும்."

அந்த வழக்கம் ஒரு உயிரைக் காப்பாற்றியதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு அரபிப் பெண், மாணவி, தனியாகப் போன மூன்றாவது நாள் இஞ்சின் நின்றுபோனது. மூன்றாம் நம்பரில் இறக்கினாள். மேசைமேல் டம்ளர் வைத்த மாதிரி. இறக்கை நிற்கும்வரை பிடியை வயிற்றோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பிறகு இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். சார் தண்ணீர் கொடுத்துவிட்டு முதலில் என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டார். "மூக்கைத் தாழ்த்தினேன்" என்றாள். "பிறகு?" "காற்று." "பிறகு?" "மூன்று. கருப்பையா நடந்த மூன்று" என்றாள். என் பெயர் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கேம்ப்புக்குப் போய் சாமி படத்துக்கு முன்னால் அழுதேன். நம்மை நம்பி வானத்தில் ஆள் இருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நினைத்தேன், என்ன பிரயோஜனம்.

பிறகு மேனேஜர் மாறினார். வந்தவர் நடப்பதற்கு மூன்று ஆள் எதற்கு என்றார். ஒருத்தனை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார், இன்னொருத்தன் லீவில் ஊருக்குப் போனான், திரும்பவில்லை. சார் இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். மாஃபி, ஆள் கிடையாது என்று பதில் வந்தது. ஏழு தரைக்கும் நான் ஒருத்தன், வண்டி ஓட்ட அக்பர் பாய். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. ஏழையும் ஒருத்தன் நடக்கலாம். இருட்டுவதற்குள் முடியும். ஆறு மாதம் நடந்தேன்.

அது தை மாதம். மகளுக்குத் தலைப்பிரசவம், ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். குழந்தை திரும்பவில்லை, ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்று மனைவி போனில் அழுதாள். அந்த வியாழன் கிருத்திகை. ரோலாவில் ஒரு ஃபிளாட்டில் நம் ஆட்கள் கிருத்திகைதோறும் முருகன் படம் வைத்துப் பூஜை செய்வார்கள். இந்த முறை பஞ்சாமிர்தம் என் பொறுப்பு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வாழைப்பழமும் வெல்லமும் பேரீச்சையும் காலையிலேயே வாங்கி வைத்தாயிற்று. ஏழு மணிக்குப் பூஜை. கேம்ப்பிலிருந்து ஷார்ஜாவுக்குப் போகிற வேன் ஐந்தரைக்கு. அதை விட்டால் வேறு வண்டி இல்லை.

செவ்வாய்க்கிழமை மழை பெய்திருந்தது.

ஒன்றிலிருந்து ஆறு வரை நடந்தேன். சத்தியமாக நடந்தேன். நான்காம் நம்பரில் கம்பி சிவப்பு வரை இறங்கியது. அதை அடித்துவிட்டுத் தாளில் எழுதினேன். ஆறு முடிந்தபோது ஐந்து மணி ஆகியிருந்தது. ஏழாம் நம்பர் கடைசியில், கண்டல் காட்டை ஒட்டி. வண்டியில் அதன் ஓரம் வரை போனோம். இறங்கவில்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். சலவை போட்ட வேட்டி மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. போன வாரம் நடந்தபோது கல் மாதிரி இருந்த தரை.

அக்பர் பாய் இஞ்சினை நிறுத்தவில்லை. ஆனால் என் பக்கம் திரும்பி, "சாத் நம்பர்?" என்று ஏழைப் பற்றிக் கேட்டார்.

"டீக் ஹை. யல்லா" என்றேன், நன்றாகத்தான் இருக்கிறது, கிளம்புங்கள் என்று.

"மழை பெய்ததே, பாய்."

"காய்ஞ்சிருச்சு, பாருங்க. யல்லா, பாய், வேன் போயிரும்."

அவர் கியரைப் போட்டார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

பூஜைக்குச் சரியான நேரத்தில் போய்விட்டேன். பஞ்சாமிர்தம் நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். கற்பூரம் காட்டும்போது மகள் பெயரைச் சொல்லி வேண்டினேன். ஏழாம் நம்பர் என் நினைவிலேயே இல்லை. பூஜையின் நடுவில் ஒரு தரம் உறுத்தியது என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். உறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை யோகன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்டு?"

"நடந்தேன் சார்."

ரெண்டும் மூன்றும் அப்படியே போயின.

"நாலு?"

"நடந்தேன். கம்பி இறங்குது சார். வேண்டாம்."

"நல்லது. அஞ்சு?"

"நடந்தேன்."

"ஆறு?"

"நடந்தேன்."

"ஏழு?"

"நடந்தேன் சார்."

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை.

முதல் வண்டியில் அவரே போனார். பின்சீட்டில் சுற்றிப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. அந்த அம்மாவுக்கு பெல்ட் மாட்டி, எனக்குத் தெரிந்த நான்கு வார்த்தை ஆங்கிலத்தில், இறங்கும்போது கையை மார்பில் குறுக்கே வையுங்கள், காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள் என்று செய்தும் காட்டினேன். மூக்கில் விபூதி வைத்தேன்.

நானும் அக்பர் பாயும் ஆறாம் நம்பருக்கும் ஏழுக்கும் நடுவில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றோம். கைரோ கடல்பக்கம் போய்த் திரும்பி வந்தது. கண்டல் காட்டுக்கு மேலே வரும்போது சத்தம் நின்றது. இருமலும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. ஒரேயடியாக நின்றது. வாக்கிடாக்கியில் சார் குரல் வந்தது.

"கருப்பையா, இஞ்சின் போட்டுது. ஏழுக்கு வாறன்."

வாக்கிடாக்கி என் கையில் இருந்தது. அந்தப் பொத்தானை அமுக்கி, சார் ஏழு வேண்டாம், நான் நடக்கவில்லை என்று சொல்ல நேரம் இருந்ததா என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். சொல்லியிருந்தால் வேறெங்கே போயிருப்பார்? ஐந்து தூரம். ஆறு காற்றுக்கு எதிர்ப்பக்கம், எட்டாது. ரோடு ஓரம் மின்கம்பி. ஆனாலும் அவர் யோகன் சார். ஏதாவது ஒரு மணல்மேட்டைப் பார்த்திருப்பார். சொல்லவில்லை. காய்ந்திருக்கும், காய்ந்திருக்கும் என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் இறக்கிய மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மூக்கு தாழ்ந்தது. காற்றுக்கு முகம் கொடுத்து மெதுவாகத் திரும்பியது. தரைக்கு ஆள் உயரத்தில் பிடியை இழுத்தார், வண்டி அப்படியே அந்தரத்தில் நின்று உட்கார்ந்தது. ஒரு முழம்கூட ஓடவில்லை. அக்பர் பாய் "மாஷா அல்லாஹ்" என்றார். நானும் மூச்சு விட்டேன்.

பிறகு இடது சக்கரம் உள்ளே போனது. அவசரமே இல்லாமல், ஒருவர் ஒருக்களித்துப் படுக்கிற மாதிரி வண்டி சாய்ந்தது. இறக்கை இன்னும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அது தரையைத் தொட்டதும் வண்டியை ஒரே உதறாக உதறித் தூக்கிப் போட்டது. சத்தம் எங்களுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இறக்கை நிற்கும்வரை கிட்டே போகக் கூடாது என்பது டிரைனிங். நிற்க இனி இறக்கை இல்லை. ஓடினேன். ஏழாம் நம்பருக்குள் இரண்டாவது எட்டு வைத்தபோது கால் கணுக்கால் வரை உள்ளே போனது, மூன்றாவது எட்டில் முழங்கால் வரை. செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு எட்டு, அவ்வளவுதான். முந்தின நாள் வண்டியை விட்டு இறங்கி இரண்டு எட்டு வைத்திருந்தால் தெரிந்திருக்கும். மூட்டை வேண்டாம், கம்பி வேண்டாம், அரை நிமிஷம் போதும். வேனும் போயிருக்காது.

அந்த அம்மா கையை மார்பில் குறுக்கே வைத்தபடியே பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது, உயிருக்கு ஒன்றும் இல்லை. சொல்லிக் கொடுத்தபடி செய்ததால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னாராம். சாருக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே போய்விட்டது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விட்டார்கள். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. உதடு காய்ந்திருந்தது. குரல் மட்டும் அதே குரல்.

"கருப்பையா. ஏழு நடந்தனீரோ?"

கோபமே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் கேட்கிற அதே கேள்வி. உண்மையைச் சொல்லத்தான் போனேன். அதற்கு முந்தின நாள்தான் ஊரிலிருந்து போன், சுகப்பிரசவம், பெண் குழந்தை. கிளப்பில் விசாரணை அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னால் கேஸ், ஜெயில், விசா போகும் என்று கேம்ப்பில் பயமுறுத்தியிருந்தார்கள். இதெல்லாம் மனதில் ஓடியதா, அல்லது வாய் பழக்கத்தில் சொன்னதா, தெரியாது.

"நடந்தேன் சார்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப என்ர முறையிலதான் பிழை" என்றார்.

அதிகாரிகளிடமும் அதையே சொன்னேன். சார் கொடுத்த வாக்குமூலத்தில், தரையை நம்பகமான ஆள் நடந்து பார்த்தார், நடந்து பார்ப்பது போதாது என்று இருந்ததாம். பயிற்சிப் புத்தகத்தில் இப்போது வந்திருக்கிற வரி அதிலிருந்து வந்தது. என்னை நம்பகமான ஆள் என்று அவர் சொன்ன வரி.

அக்பர் பாயை யாரும் எதுவும் கேட்கவில்லை. டிரைவர்தானே. அவராகவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னோடு டீ குடிக்கவில்லை. மறு வருஷம் ஊருக்கு மொத்தமாகக் கிளம்பும்போது எல்லோரையும் கட்டிப்பிடித்தார். என்னிடம் வந்து, "நீ என் கஃபீல் இல்லை, என் பிள்ளையும் இல்லை. உனக்காக நான் ஏன் வாயை மூடினேன் என்று எனக்கே தெரியவில்லை" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

சாரைக் கனடாவுக்குக் கொண்டுபோனார்கள். வருஷாவருஷம் தைப்பொங்கலுக்கு அவரே போன் போடுவார். பேத்தி எப்படி, என்ன வகுப்பு என்று கேட்பார். பேத்தியின் பிறந்தநாளும் அந்த வாரம்தான் வரும். ஒவ்வொரு வருஷமும் இந்த முறை சொல்லிவிடுவது என்று குளித்து, விபூதி பூசி, போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் குரலைக் கேட்டதும் போய்விடும். போன பொங்கலுக்குப் பேசும்போது மூச்சு வாங்கியது.

"கருப்பையா, ஒண்டு யோசிச்சனான். உங்களையெல்லாம் வெயிலுக்குள்ள மூட்டையோட நடக்க விட்டனே, ஒரு பிரயோசனமும் இல்லாமல். மன்னிச்சுக்கொள்ளும்."

"ஐயோ சார், அப்படிச் சொல்லாதீங்க" என்றேன். சொன்னது அவ்வளவுதான்.

ஆடி மாதம் அவர் மனைவி செய்தி அனுப்பினார். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. மூக்கு சரி, காற்று சரி, தரையைத் தேர்ந்தெடுத்தது சரி, இறக்கியது சரி. அவர் முறையும் சரி. அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு இடம் பிசகியது, அது என் வாய். கால் போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். சொல்லிக் கொடுத்ததெல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டு செத்தாரே, அதை நான் என்ன செய்து திருப்புவேன்.

கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. கிருத்திகை விரதமும் விடவில்லை. ஆனால் முருகனிடம் கேட்க ஒன்றும் இல்லை. அவன் கூப்பிட்டான் என்று அன்று ஓடினேனா, என் அவசரத்துக்கு அவன் பெயரைப் போட்டுக்கொண்டேனா என்பது அவனுக்குத் தெரியும். மன்னிக்க வேண்டியவர் அவன் இல்லை. அவர் கனடாவில் சாம்பலாகிவிட்டார்.

தரைப்பணியில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு பாடம் இல்லை. இறங்கி நடங்கள். மழை பெய்த வாரம் இரண்டு தரம் நடங்கள். நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று சொல்லுங்கள். அந்த வாரம் வண்டி பறக்காது, மேனேஜர் திட்டுவார், அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தில் அந்த வரியை எடுங்கள். எடுக்க முடியாவிட்டால் அதற்குக் கீழே, ஏழாம் நம்பரில் அன்று யாரும் நடக்கவில்லை என்று என் பெயரோடு போடுங்கள்.

இவ்வளவையும் நேற்று சதீஷுக்குப் போன் செய்து சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அண்ணே, எத்தனை வருசம் ஆச்சு. அவரும் போயிட்டாரு. விடுங்கண்ணே. இனிமே யாருக்குத் தெரியப்போகுது."

யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் அன்றைக்கு நானும் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.